மூன்றரை லட்சம் வேலைகள் யாருக்கு? தமிழ்நாட்டின் அறைகலன் தொழிலும் சாதிக் கணக்கும்

தூத்துக்குடி சிப்காட் வளாகத்தில் 1,152 ஏக்கர் பரப்பில் பன்னாட்டு அறைகலன் பூங்கா அமைக்க 2022 மார்ச் 7 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். ரூ.4,500 கோடி முதலீடு வரும், 3.5 லட்சம் பேருக்கு வேலை கிடைக்கும் என்று அன்று அறிவிக்கப்பட்டது. நாட்டின் முதல் பன்னாட்டு அறைகலன் பூங்கா என்ற பெருமையும் அதனுடன் சேர்ந்து பேசப்பட்டது.

மரமும் துறைமுகமும் இருக்கும் ஊரில் மரச்சாமான் தொழில் வளர்வது இயல்பே. வெளிநாட்டுத் தடிகள் தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்குகின்றன. செய்து முடித்த பொருளை அதே துறைமுகத்தின் வழியே அனுப்பலாம். இத்திட்டத்தின் பொருளாதார நியாயத்தை நாம் மறுக்கவில்லை. நாம் எழுப்பும் கேள்வி வேறு. பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் 20 விழுக்காடாக இருக்கும் மாநிலத்தில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தலித்தாக இருக்கும் மாவட்டத்தில், இந்த வேலைகளில் எத்தனை நம் மக்களுக்குக் கிடைக்கும்? எந்த வேலைகள் கிடைக்கும்? கிடைத்ததா இல்லையா என்பதை எவர், எந்தப் பதிவேட்டைக் கொண்டு சொல்வார்?

எண்ணிக்கைக்குள் இருக்கும் கணக்கு

முதலில் அறிவிப்பில் உள்ள எண்களையே எடுத்துக்கொள்வோம். ரூ.4,500 கோடியை 3.5 லட்சத்தால் வகுத்தால், ஒரு வேலைக்கு ஏறத்தாழ ரூ.1.29 லட்சம் முதலீடு என்றாகிறது. அதே தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட வின்ஃபாஸ்ட் மின்வாகன ஆலைக்கு முதல் கட்டமாக அறிவிக்கப்பட்ட முதலீடு ரூ.4,000 கோடி, அது தருவதாகச் சொன்ன வேலைகள் 3,000 முதல் 3,500 வரை. அங்கு ஒரு வேலைக்குப் பின்னால் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் மூலதனம் நிற்கிறது.

வாகன ஆலையோடு மரச்சாமான் தொழிலை ஒப்பிடுவது பொருந்தாது என்பது உண்மைதான். மரச்சாமான் தொழில் இயல்பிலேயே ஆள்பலத்தை நம்புவது. ஆனால் தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் ஒரே ஒரு கைவினைஞருக்குக் கிடைக்கக்கூடிய கடன் ரூ.3 லட்சம் வரை இருக்கிறது. ஏற்றுமதிக்கான நவீனப் பூங்காவில் ஒரு தொழிலாளிக்குப் பின்னால் நிற்கும் மூலதனம் அதில் பாதிக்கும் குறைவு என்றால் பொருள் என்ன?

இரண்டே விளக்கங்கள் இருக்க முடியும். ஒன்று, இந்த எண்ணிக்கையில் லாரி ஏற்றுபவர், சுமை தூக்குபவர், தேநீர்க் கடைக்காரர் எனப் பூங்காவைச் சார்ந்து பிழைப்பவர்கள் அனைவரும் அடக்கம். மற்றொன்று, பூங்காவுக்குள் உருவாகும் வேலைகள் குறைந்த கருவிகளோடு, குறைந்த கூலிக்குச் செய்யப்படும் வேலைகள். இரண்டில் எது உண்மையானாலும் நம் கேள்வி கூர்மையாகிறது. சுமை தூக்கும் வேலையும் மேசைக்குப் பின்னால் அமரும் வேலையும் அறிவிப்பில் ஒரே எண்ணாகக் கூட்டப்படுகின்றன. வாழ்க்கையில் அவை ஒன்றல்ல.

அளவையும் நினைவில் கொள்ள வேண்டும். 2022-23ஆம் ஆண்டுக்கான தொழிற்சாலைகள் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் பணியாற்றியோர் சுமார் 1.84 கோடி பேர். அவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர், அதாவது 27 லட்சத்துக்கும் மேற்பட்டோர், தமிழ்நாட்டில் இருந்தனர். மாநிலத்தின் எல்லாத் தொழிற்சாலைகளிலும் சேர்த்து இருக்கும் வேலைகளில் எட்டில் ஒரு பங்கை ஒரே பூங்கா தரும் என்பதே வாக்குறுதியின் பொருள். இவ்வளவு பெரிய வாக்குறுதிக்கு இணையான கணக்குக் காட்டும் பொறுப்பும் இருக்க வேண்டும்.

மரம் ஒருவருக்கு, மூங்கில் ஒருவருக்கு

தமிழ்ச் சமூகத்தில் தச்சு வேலை வெறும் தொழிலாக இருந்ததில்லை. பொன், வெண்கலம், இரும்பு, கல், மரம் என்ற ஐந்து வேலைகளும் கம்மாளர் எனப்பட்ட சமூகக் குழுவுக்குள் பிரிக்கப்பட்டிருந்தன. உளியும் இழைப்புளியும் தந்தையிடமிருந்து மகனுக்கும், தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கும் கைமாறின. ஊரின் ஆசாரி ஏருக்கும் வண்டிக்கும் கட்டிலுக்கும் கைவைத்தார்; அறுவடையில் அவருக்கு உரிய பங்கு அளக்கப்பட்டது. அந்த ஏரை வயலில் இழுத்துச் சென்ற பண்ணையாள், அதைச் செய்யக் கற்றுக்கொள்ளும் இடம் எதுவும் ஊரில் இல்லை.

ஆனால் மரத்தை ஒத்த இன்னொரு பொருள் நம் மக்களின் கைகளிலேயே இருந்தது. மூங்கிலைப் பிளந்து கூடையும் முறமும் தட்டியும் முடைவது, கேரளத்தின் சாம்பவர் முதல் வடநாட்டின் டோம், பன்ஸ்போர், பசோர் வரை, பல பட்டியல் சாதிகளின் மரபுத் தொழில். மரத்தில் கைவைத்தவரின் வேலை கலை எனப்பட்டது. மூங்கிலில் கைவைத்தவரின் வேலை இழிவு எனப்பட்டது. பொருளை அளந்து, அறுத்து, இழைத்து, பொருத்தும் அறிவு இரண்டிலும் ஒன்றே. வேறுபட்டது செய்பவரின் பிறப்பு.

இந்தப் பிரிவினையின் நிழல் இன்றைய அரசுப் புள்ளிவிவரத்திலும் விழுகிறது. தேசியத் தொழில் வகைப்பாட்டில் அறைகலன் உற்பத்தி 31ஆம் பிரிவில் வருகிறது. மரக்கட்டில், இரும்பு அலமாரி, பிரம்பு நாற்காலி, மெத்தை ஆகியன அதில் அடங்கும். கூடை, முறம் போன்ற முடைவு வேலைகள் மரப்பொருள்களுக்கான 16ஆம் பிரிவில் ஓர் ஓரத்தில் தனியே நிற்கின்றன. அறைகலன் தொழிலை வளர்ப்போம் என்று கொள்கை வகுப்பவர்களின் கண்ணில் மூங்கில் முடைபவர் படாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பண்ணை நிலத்தில் வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து ஒன்றிய அரசு 2017இல் நீக்கியது. வெட்டவும் கொண்டுசெல்லவும் இருந்த தடை அதனால் தளர்ந்தது. ஆனால் பயன் நிலம் வைத்திருப்பவரையே முதலில் சேரும். முடைபவர் பெரும்பாலும் நிலமற்றவர்.

மரபுத் தச்சர்களை நாம் எதிரிகளாகக் கருதவில்லை. அவர்களில் பெரும்பாலோரும் இன்று கூலிக்கே வேலை செய்கிறார்கள். ஆயத்தப் பொருள் விற்கும் பெருநிறுவனங்களால் அவர்களின் பட்டறைகளும் மூடப்படுகின்றன. தொழிலறிவைப் பிறப்போடு கட்டிவைத்த ஏற்பாடே நம் விமர்சனத்துக்குரியது. சாதியை உழைப்பைப் பங்கிடும் முறை என்று நியாயப்படுத்தியவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே மறுப்பு எழுதிவிட்டார்.

உளியிலிருந்து இயந்திரத்துக்கு

கடந்த இருபது ஆண்டுகளில் இத்தொழிலின் உள்ளமைப்பே மாறிவிட்டது. 2014 ஏப்ரலில் மியான்மர் தேக்குத் தடிகளின் ஏற்றுமதியைத் தடைசெய்தது. அதன் பின் ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் தேக்கும் பைன் மரமும் அதிகம் வரத் தொடங்கின. அதைவிடப் பெரிய மாற்றம், முழு மரத்தின் இடத்தை பிளைவுட்டும் எம்.டி.எஃப். பலகையும் துகள் பலகையும் பிடித்தது. பலகையைக் கணினி இயக்கும் இயந்திரம் அளந்து வெட்டுகிறது. விளிம்பை இன்னோர் இயந்திரம் ஒட்டுகிறது. துளைகளை மூன்றாவது இயந்திரம் இடுகிறது. பிரித்து அடுக்கிய பலகைகளாக அட்டைப்பெட்டியில் செல்லும் அலமாரியை வீட்டில் வைத்துப் பூட்டுகிறார்கள்.

பத்தாண்டு உடனிருந்து கற்க வேண்டிய கூட்டுவாய் வேலையும் கடைசலும் இங்குத் தேவைப்படுவதில்லை. சில வாரப் பயிற்சியில் இயந்திரத்தை இயக்கலாம். பிறப்பால் வந்த தொழில்ரகசியத்தின் மதிப்பு இதனால் குறைகிறது. கொள்கையளவில் இது தலித் இளைஞருக்கு ஒரு கதவைத் திறக்கிறது. தச்சுக் குடும்பத்தில் பிறக்காதவர் என்று எவரையும் இனி ஒதுக்க முடியாது.

ஆனால் திறமை அளவுகோலாக இல்லாமல் போகும் இடத்தில், ஆளைத் தேர்ந்தெடுக்க வேறு அளவுகோல்கள் வந்து அமர்கின்றன. யார் பரிந்துரைத்தார், எந்த ஊர், எந்தத் தெரு, எந்த ஒப்பந்தக்காரரின் ஆள் என்பவை அவை. சென்னையின் உள் அலங்கார வேலைகளை ராஜஸ்தானிலிருந்து வந்த தச்சர் குழுக்கள் பெருமளவில் செய்கின்றன. ஒரு மேஸ்திரி தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆட்களை அழைத்து வருகிறார். வேலை தேடி வருபவர் மீது நமக்குக் கோபம் இல்லை. பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் மெருகூட்டவும் சுமக்கவும் வருபவர்களில் நம் சகோதரர்களும் இருக்கிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது, உறவு வலையின் வழியே ஆளெடுக்கும் எந்தத் தொழிலிலும் அந்த வலைக்கு வெளியே பிறந்தவர் கடைசியில்தான் நிற்பார் என்ற உண்மையை.

வாசலில் நிற்கும் வடிகட்டி

பதிவுபெற்ற தொழிற்சாலைகளின் தொழிலாளர்களில் ஐந்தில் இருவர் இன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள். நிறுவனம் அவர்களை நேரடியாக எடுப்பதில்லை. ஒப்பந்தக்காரர் அழைத்து வருகிறார். பாகுபாடு நடந்தால் அதற்கு நிறுவனம் பொறுப்பேற்காது. ஒப்பந்தக்காரரிடம் ஆவணம் இருக்காது.

நேரடி ஆளெடுப்பிலும் நிலைமை சமமாக இல்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுடைய விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றி, அவர்கள் அனுப்பினர். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 எனக் கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. சுரீந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களிடம் பேசி எழுதிய ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. தகுதி ஒன்றே முக்கியம் என்று கூறும் அதே மேலாளர்கள், நேர்காணலில் குடும்பப் பின்னணியை விசாரிப்பது அவசியம் என்றும் கருதினர். தந்தை என்ன வேலை செய்கிறார் என்ற கேள்வி நம் நாட்டில் ஒருபோதும் சாதியற்ற கேள்வியாக இருந்ததில்லை.

வாசலைத் தாண்டிய பின்னும் உள்ளே ஓர் ஏணி இருக்கிறது. வடிவமைப்பு, இயந்திர இயக்கம், தரச்சோதனை ஆகியன மேல்படிகள். தடி இறக்குதல், அறுத்தல், உப்புத்தாள் தேய்த்தல், மெருகு தெளித்தல், தூசி கூட்டுதல் ஆகியன கீழ்ப்படிகள். கீழ்ப்படிகளில்தான் உடல்நலக் கேடு குவிகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென 1995இலேயே வகைப்படுத்தியது. பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து வெளியாகும் ஃபார்மால்டிஹைடும் பின்னர் அதே பட்டியலில் சேர்ந்தது. காற்றை உறிஞ்சும் குழாயும் முகக்கவசமும் இல்லாத பட்டறையில் நாள் முழுதும் தேய்ப்பவர், அந்தத் தூளை நுரையீரலிலும் மூக்கிலும் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறார்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தக் கீழ்ப்படியில் நிற்பவரின் பாதுகாப்பைச் சுருக்கியிருக்கின்றன. மின்சாரம் பயன்படுத்தும் பட்டறை தொழிற்சாலை என்று கருதப்பட முன்பு 10 தொழிலாளர்கள் போதும். இப்போது 20 பேர் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் பொருந்துவதற்கான வரம்பு 20இலிருந்து 50ஆகவும், நிலையாணைகளுக்கான வரம்பு 100இலிருந்து 300ஆகவும் உயர்ந்திருக்கின்றன. சிறு பட்டறைகளே நிறைந்த மரச்சாமான் தொழிலில் இதன் விளைவு பெரிது. மாநில அரசு வகுக்கும் விதிகள் இந்த இழப்பை ஓரளவேனும் ஈடுசெய்யுமா என்பதைப் பார்க்க வேண்டும்.

டான்சியும் பூங்காவும்

தமிழ்நாட்டில் அரசே மரச்சாமான் செய்த வரலாறு ஒன்று உண்டு. 1965இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சிறுதொழில் கழகம், அதாவது டான்சி, அரசு அலுவலகங்களின் மேசை நாற்காலிகளையும் பள்ளிகளின் பெஞ்சுகளையும் இரும்பு அலமாரிகளையும் செய்து கொடுத்தது. இன்றும் செய்கிறது. ஆனால் 1990களுக்குப் பின் அதன் உற்பத்திப் பிரிவுகள் பல மூடப்பட்டு அது சுருங்கிவிட்டது.

அது பொதுத்துறை நிறுவனம். அங்கு ஆளெடுக்கும்போது பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு என்ற ஒதுக்கீடு பொருந்தும். 2009 முதல் அந்த 18க்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடும் உண்டு. தச்சுக் குடும்பத்தில் பிறக்காத ஒருவர் அரசுத் தச்சராகி, ஓய்வூதியத்தோடு வீடு திரும்பும் பாதை அங்கு இருந்தது.

புதிய பூங்காவில் நிலம் அரசுடையது. சாலை, தண்ணீர், மின்சாரம் அரசின் செலவு. முதலீட்டாளர்களுக்கான சலுகைகள் வரிப்பணம். வேலையளிப்பு மட்டும் தனியாருடையது என்பதால் ஒதுக்கீடு அங்கு நின்றுவிடுகிறது. அரசியலமைப்பின் 16ஆவது உறுப்பு அரசுப் பணியோடு முடிகிறது. 2004இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணியின் குறைந்தபட்சப் பொதுத் திட்டம் தனியார் துறை ஒதுக்கீடு குறித்துப் பேசியது. 2006இல் தொழில் கூட்டமைப்புகள் தாமே முன்வந்து செய்வதாக நடத்தை நெறி ஒன்றை முன்வைத்தன. தாமே முன்வரும் நெறிக்குத் தணிக்கை இல்லை. மீறினால் தண்டனையும் இல்லை. வேலைவாய்ப்பு வளர்ந்தது என்று நாம் படிக்கும் செய்திகளுக்குப் பின்னால், ஒதுக்கீடு உள்ள வேலைகள் சுருங்கி ஒதுக்கீடு அற்ற வேலைகள் பெருகிய கதை மறைந்திருக்கிறது.

குடும்பத் தொழிலா, கற்ற தொழிலா?

2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு ரூ.13,000 கோடியில் பிஎம் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 கைத்தொழில்களில் தச்சு வேலையும் ஒன்று. விண்ணப்பிப்பவர் குடும்பவழி மரபுத் தொழிலைச் செய்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை குலக்கல்வியின் மறுவடிவம் என்ற எதிர்ப்பைத் தமிழ்நாட்டில் எழுப்பியது. அந்த நிபந்தனையை நீக்கவும், குறைந்தபட்ச வயதை 18இலிருந்து 35ஆக உயர்த்தவும் மாநில அரசு கேட்டது. ஏற்கப்படாத நிலையில் திட்டத்தைச் செயல்படுத்த மறுத்து, 25 தொழில்களுக்கான கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. ரூ.3 லட்சம் வரை கடன், அதில் 25 விழுக்காடு, உச்ச அளவாக ரூ.50,000, மானியம் என்பது அதன் அமைப்பு. குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இதில் இல்லை.

இந்த மறுப்பை நாம் வரவேற்கிறோம். எனினும் நிபந்தனையை நீக்குவது பாதி வேலைதான். தொழில் கற்க வாய்ப்பே தரப்படாதவரிடம் ‘நீங்களும் விண்ணப்பிக்கலாம்’ என்று சொன்னால் அவரிடம் காட்டுவதற்குப் பட்டறை இருக்காது. பயனாளிகளின் பட்டியலை சமூகவாரியாக ஆண்டுதோறும் வெளியிட்டால்தான் இத்திட்டம் பழைய வாசலைத் திறந்ததா, அல்லது அதே வாசலுக்குப் புதிய வண்ணம் பூசியதா என்பது தெரியும்.

தொழில்முனைவோருக்கான உதவிகளும் உள்ளன. 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. மானிய உச்சவரம்பு ரூ.1.5 கோடி. பலகை வெட்டும் இயந்திரமும் விளிம்பு ஒட்டும் இயந்திரமும் வாங்கி ஒரு சிறு ஆலையைத் தொடங்க இது கைகொடுக்கும். ஆனால் செய்த பொருளை வாங்குவது யார்? ஒன்றிய அரசின் கொள்முதல் கொள்கை 2012 முதல் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கச் சொல்கிறது. அந்த இலக்கு பல ஆண்டுகளாக எட்டப்படாமலேயே கிடக்கிறது.

ஏற்றுமதியின் ஆபத்தும் அமெரிக்கா தரும் பாடமும்

அறைகலன் தொழிலால் எழுந்து, அதனாலேயே விழுந்த ஒரு மாநிலம் அமெரிக்காவின் வட கரோலினா. ஹை பாயின்ட், ஹிக்கரி, தாமஸ்வில் ஆகிய ஊர்கள் ஒரு காலத்தில் அந்நாட்டு வீடுகளுக்கெல்லாம் கட்டிலும் சோபாவும் அனுப்பின. 2001இல் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்த பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் இருந்த வேலைகளில் பாதிக்கு மேல் இருபதே ஆண்டுகளில் மறைந்தன. இப்போது அதே அமெரிக்கா தன் தொழிலைக் காப்பதாகச் சொல்லி, 2025 அக்டோபர் 14 முதல் மெத்தையிட்ட மர அறைகலன்கள் மீதும் சமையலறை அலமாரிகள் மீதும் 25 விழுக்காடு சுங்கவரி விதித்திருக்கிறது. ஏற்றுமதியை நம்பித் தூத்துக்குடியில் அமையும் வேலைகள், வாஷிங்டனில் இடப்படும் ஒரு கையெழுத்தால் ஆட்டம் காணக்கூடியவை. அப்படி ஆட்டம் காணும்போது முதலில் வெளியே அனுப்பப்படுபவர் கடைசியாக உள்ளே வந்தவர்.

அங்கிருந்து நாம் கற்க இன்னொன்றும் உண்டு. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தனியார் வேலையளிப்பிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்தது. 1966 முதல் 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை உடைய தனியார் நிறுவனங்கள், எந்தப் பணிநிலையில் எந்த இனத்தவர், எந்தப் பாலினத்தவர் எத்தனை பேர் என்ற அறிக்கையை ஆண்டுதோறும் அரசுக்குத் தர வேண்டும். சட்டத்தால் மட்டும் பாகுபாடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் கறுப்பினத் தொழிலாளர் மெருகூட்டும் கூடத்தில் மட்டும் இருக்கிறாரா, மேற்பார்வையாளராகவும் இருக்கிறாரா என்று கேட்க அங்கு ஒரு தாள் இருக்கிறது.

இந்தியாவில் அந்தத் தாள் இல்லை. தொழிற்சாலைகள் கணக்கெடுப்பு ஆண், பெண், ஒப்பந்தத் தொழிலாளர் என்று எண்ணுகிறது, சாதியைக் கேட்பதில்லை. குடும்பங்களிடம் எடுக்கப்படும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு சமூகப் பிரிவைக் கேட்கிறது. ஆனால் ஒரு மாநிலத்தின் ஒரே ஒரு தொழிலைப் பற்றி உறுதியாகப் பேச அதன் மாதிரி போதாது. ஆகவே ‘தமிழ்நாட்டு அறைகலன் ஆலைகளில் தலித்துகள் எத்தனை பேர்?’ என்ற எளிய கேள்விக்கு எந்த அலுவலகத்திலும் விடை இல்லை. விடை இல்லாத இடத்தில் பாகுபாடும் இல்லை என்று பேசுவது எளிதாகிவிடுகிறது.

தென் மாவட்டங்களுக்கு இது ஏன் முக்கியம்

1995இல் கொடியன்குளத்தில் காவல்துறை நம் மக்களின் வீடுகளையும் உடைமைகளையும் சூறையாடியது. அதைச் சுற்றிய ஆண்டுகளின் சாதி மோதல்களுக்குப் பின், நீதியரசர் ரத்தினவேல் பாண்டியன் தலைமையிலான குழு தென் மாவட்டங்களில் தொழில் வளர்ச்சி தேவை என்று பரிந்துரைத்தது. நாங்குநேரியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு இரண்டாயிரம் ஏக்கருக்கும் அதிகமான நிலம் ஒதுக்கப்பட்டது. பெரும்பகுதி பல பத்தாண்டுகளாக முள்காடாகவே கிடந்தது. அதே நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார். வாக்களித்த வேலை வராததால்தான் வன்முறை நிகழ்ந்தது என்று நாம் சொல்லவில்லை. தொழில் வந்தால் சாதி தணியும் என்ற வாக்குறுதி இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதை நினைவூட்டுகிறோம்.

தொழில் வந்தாலும் எப்படி வருகிறது என்பதே தீர்மானிக்கிறது. திருப்பூரைச் சுற்றிய ஊர்களில் கிரேஸ் கார்ஸ்வெல், ஹீர்ட் டி நேவ் ஆகியோர் நடத்திய ஆய்வு இதற்குச் சான்று. நகரத்து ஆடை ஆலைகளுக்குச் சென்ற தலித் இளைஞர்கள் ஊர் ஆதிக்கச் சாதியை நம்பி வாழ வேண்டிய நிலையிலிருந்து ஓரளவு விடுபட்டனர். விசைத்தறிகள் ஊருக்குள்ளேயே வந்த இடத்திலோ, முன்பணம் வாங்கிய தலித் குடும்பங்கள் தறி முதலாளியிடம் கட்டுண்டன. இரண்டும் ஒரே வட்டாரத்தின் தொழில் வளர்ச்சிதான்.

தூத்துக்குடியில் இவ்வேலைகளை எதிர்நோக்கி நிற்பவர்களில் உப்பளத் தொழிலாளர்கள் முக்கியமானவர்கள். மழைக்காலத்தில் உப்பளம் மூடும்போது அரசு தரும் ரூ.5,000 நிவாரணத்தை நம்பி இருப்பவர்கள் அவர்கள். வெயிலிலும் உப்பிலும் பாதம் வெடித்த ஒரு தாயின் மகள், குளிர்ந்த கூடத்தில் இயந்திரத்தின் முன் நின்று மாதச் சம்பளம் வாங்குவாளா, அல்லது வேறொரு ஒப்பந்தக்காரரின் கீழ் மரத்தூள் கூட்டுவாளா என்பதே இந்தப் பூங்காவின் உண்மையான தேர்வு.

நாம் கேட்க வேண்டியவை

புதிய சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழி இப்போதே இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் 1973இல் சேர்க்கப்பட்ட 3ஏ பிரிவு, நியமிக்கப்பட்ட தொழில்களில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பயிற்சி இடங்களை வேலையளிப்பவர் ஒதுக்க வேண்டும் என்கிறது. தனியார் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். தச்சு வேலை நியமிக்கப்பட்ட தொழில்களில் ஒன்று. 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும் என்று 2019இல் திருத்தப்பட்ட விதிகள் கூறுகின்றன. ஆயிரம் பேர் உள்ள ஆலையில் 25 முதல் 150 பழகுநர்கள் இருக்க வேண்டும்; அவர்களில் நம் பிள்ளைகளுக்கு உரிய பங்கு சட்டப்படியானது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் நிறுவனமே வரையறுத்துக்கொள்ளும் ‘விருப்பத் தொழில்’ என்ற வகையைக் கொண்டுவந்தது. ஒதுக்கீட்டுப் பிரிவோ நியமிக்கப்பட்ட தொழில்களையே குறிப்பிடுகிறது. இந்த இடைவெளியில் ஒதுக்கீடு நழுவாமல் பார்க்க வேண்டியது தொழிற்பழகுநர் ஆலோசகரின் கடமை. எத்தனை இடங்கள் ஒதுக்கப்பட்டன, எத்தனை நிரம்பின என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நம் இளைஞர் அமைப்புகள் இன்றே கேட்கலாம்.

அடுத்தது நிலம். சிப்காட் நிலத்தையும் சலுகையையும் பெறும் நிறுவனம், தன் தொழிலாளர்களின் சமூகவாரி விவரத்தைப் பணிநிலை வாரியாக, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து, ஆண்டுதோறும் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். தனியாரின் மீது ஒதுக்கீட்டைத் திணிப்பது என்ற வாதம் இதற்குப் பொருந்தாது. பொதுச் சொத்தைப் பெறுபவரிடம் பொது மக்கள் கேட்கும் கணக்கு இது.

மூன்றாவது, அரசின் கொள்முதல். தமிழ்நாட்டின் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் அலுவலகங்களுக்கும் தேவைப்படும் மேசை, பெஞ்சு, கட்டில்களில் ஒரு பங்கைத் தலித் தொழில்முனைவோரிடம் வாங்க ஆணையிட்டால், மானியத்தில் தொடங்கும் ஆலைகளுக்கு வேலை கிடைக்கும். கர்நாடகம் 2017 முதல் அரசுக் கட்டுமான ஒப்பந்தங்களில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒதுக்கீடு தருகிறது. சமூகநீதியில் முன்னோடி என்று சொல்லிக்கொள்ளும் மாநிலம் அதில் பின்தங்க வேண்டியதில்லை. ஆதிதிராவிடர் நல விடுதிகளின் கட்டில்களிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

நான்காவது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2027ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சாதியும் பதியப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. சாதியும் தொழிலும் சேர்ந்த அட்டவணைகளை மாவட்ட அளவில் வெளியிட வேண்டும் என்று இப்போதே வலியுறுத்த வேண்டும். தலைகளை எண்ணிவிட்டு வேலைகளை எண்ணாமல் விட்டால் அந்தக் கணக்கெடுப்பின் பயன் பாதியாகிவிடும்.

மூன்றரை லட்சம் என்ற எண்ணை அரசு தானே முன்வந்து சொன்னது. அதில் 20 விழுக்காடு என்பது 70,000. தூத்துக்குடியின் வாக்குறுதியை நாம் அளக்க வேண்டிய கோல் இந்த 70,000 தான். அவற்றுள் தூசி கூட்டும் வேலைகள் எத்தனை, இயந்திரம் இயக்கும் வேலைகள் எத்தனை, கையெழுத்திடும் வேலைகள் எத்தனை என்று தொடர்ந்து கேட்போம்.